சுல்தானின் அந்தப்புரத்துப் பெண்ணைத் தமிழில் எந்தச் சொல்லால் அழைப்பது?

வெள்ளவத்தை வாசகி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தொடர்மாடியில் வசிக்கும் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் ஒன்றுகூடி, ஒருவர் வாசித்ததை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்வதை வழக்கமாக வைத்திருக்கின்றோம். இம்மாதம் என்னுடைய முறை. எல்லோரும் துருக்கித் தொடர்களை விடாமல் பார்ப்பவர்கள் என்பதால், உஸ்மானியப் பேரரசின் அரண்மனையில் வாழ்ந்த பெண்களைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். நானும் சில நூல்களை வாசித்துக் குறிப்பெடுத்து எழுதத் தொடங்கினேன். முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன்.

சுல்தானுக்கு மனைவியாகாமல் அவருடைய அந்தப்புரத்தில் வாழ்ந்த பெண்ணைக் குறிக்க "காமக்கிழத்தி" என்று எழுதியிருந்தேன். முப்பது வருடம் தமிழ் படிப்பித்த என் அம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டியபோது அவர் உடனே மறுத்துவிட்டார். கிழத்தி என்ற சொல்லுக்குள் கிழமை இருக்கின்றது, கிழமை என்றால் உரிமை, பழைய இலக்கணத்தில் வருகின்ற காமக்கிழத்தி தலைவனிடத்தில் உரிமை பூண்டு தனக்கென்று ஓர் இல்லம் நடத்துபவள், சந்தையில் வாங்கிக் கொண்டுவரப்பட்ட பிள்ளைக்கு அந்தப் பெயரை வைக்க உனக்கு எப்படி மனம் வந்தது என்று கேட்டார். "ஆசைநாயகி" என்றால் சினிமாக் கதை போல ஒலிக்கின்றது. "வைப்பு" என்ற சொல்லை அந்தப் பெண்கள் மீது எறிய எனக்கு விருப்பமில்லை.

சரியான சொல்லைத் தேட வேண்டுமென்றால் அவளுடைய வாழ்க்கை எத்தகையது என்பது முதலில் எனக்கு விளங்க வேண்டும் என்று தோன்றுகின்றது. அவளுக்குச் சம்பளம் இருந்ததா? அந்த மாளிகையை விட்டு வெளியேற வழி இருந்ததா? அங்கிருந்த எல்லோரும் சுல்தானின் படுக்கைக்கு உரியவர்களாகவே இருந்தார்களா? சுல்தான் இறந்தால் அவர்கள் எங்கே போனார்கள்? வரலாறு தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

கொட்டாஞ்சேனை ஓய்வு ஆசிரியர்

தங்கையின் கேள்வி மிகவும் சரியான இடத்தில் தொடங்கியிருக்கின்றது. தங்கள் தாயாருக்கு என் வணக்கத்தைத் தெரிவியுங்கள். அவர் கேட்டதுதான் இந்த விடயத்தின் மையம் என்று நான் கருதுகின்றேன்.

அந்தப்புரத்தில் இருந்த பெரும்பாலான பெண்கள் சுல்தானின் படுக்கையறையை அவர்களுடைய வாழ்நாளில் ஒருமுறையேனும் கண்டவர்கள் அல்லர். அது ஒரு பெரிய வீடு, ஒரு பாடசாலை, ஒரு நிருவாகம் ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த இடம். போரிலும் கிரிமியத் தாத்தாரியரின் கொள்ளைகளிலும் பிடிபட்ட உக்ரேனியச் சிறுமிகள், ஜோர்ஜியாவிலிருந்தும் கருங்கடலுக்கு அப்பாலுள்ள சர்க்காசிய மலைநாட்டிலிருந்தும் வணிகர்கள் கொண்டுவந்த சிறுமிகள், மாகாண ஆளுநர்கள் பரிசாக அனுப்பியவர்கள் என்று பல வழிகளால் அவர்கள் உள்ளே வந்தார்கள். வந்தவுடன் ஒவ்வொருத்திக்கும் ஒரு புதிய பாரசீகப் பெயர் சூட்டப்பட்டது. ஹுர்ரெம் என்றால் மகிழ்ச்சி நிறைந்தவள், நூர்பானு என்றால் ஒளியின் அரசி, மாஹ்பெய்கர் என்றால் நிலவு போன்றவள். அழகான பெயர்கள்தான். ஆனால் தாய் வைத்த பெயர் அந்த வாசலோடு போய்விட்டது.

உள்ளே சேர்ந்த பெண்ணுக்கு ஜாரியே என்று பெயர். துருக்கிய மொழி, குர்ஆன் ஓதுதல், தொழுகை, தையல், பூவேலை ஆகியவற்றை எல்லோரும் கற்றார்கள். குரல் அல்லது கை வளம் உள்ளவர்கள் இசையும் நடனமும் கற்றார்கள். கற்றுக்கொடுத்த மூத்த பெண்களைக் கல்ஃபா என்று அழைத்தார்கள். அதற்கும் மேலே உஸ்தா என்ற பதவிகள் இருந்தன. சுல்தானின் உணவைச் சுவைத்துப் பார்ப்பவர், கோப்பி பரிமாறுபவர்களின் தலைவி, சலவைக்குப் பொறுப்பானவர், கைகழுவ நீர் வார்ப்பவர், களஞ்சியத்துக்குப் பொறுப்பானவர் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஓர் உஸ்தா இருந்தார். கருவூலத்தைப் பார்த்த உஸ்தாவுக்கு மிகுந்த மதிப்பு இருந்தது.

சம்பளம் உண்டு. அக்சே என்ற வெள்ளிக் காசில் நாளொன்றுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுப் பதிவேட்டில் எழுதினார்கள். அந்தப் பதிவேடுகள் இன்றும் இருப்பதனால்தான் வரலாற்றாசிரியர்களுக்கு இவ்வளவும் தெரியவந்தது. சாதாரண ஜாரியேக்கு நாளுக்குச் சில அக்சே. 16ஆம் நூற்றாண்டில் ஆண்ட சுல்தான் சுலைமானின் துணைவியான ஹுர்ரெமுக்கு நாளொன்றுக்கு 2,000 அக்சே. ஆட்சியிலுள்ள சுல்தானின் தாயாகிய வாலிதே சுல்தானுக்கு 3,000 வரை சென்றது. இந்த எண்களை உங்கள் கூட்டத்தில் கட்டாயம் சொல்லுங்கள், ஏனெனில் அந்த மாளிகையில் மிக உயர்ந்த பெண் சுல்தானின் காதலி அல்லள், தாய் என்பதனை இவை ஒரே பார்வையில் காட்டிவிடும். யார் சுல்தானுக்கு அறிமுகமாக வேண்டும் என்பதையும் பெரும்பாலும் அந்தத் தாயே தீர்மானித்தார்.

சுல்தானின் கண்ணில் பட்டவள் கொஸ்தே எனப்பட்டாள், அதாவது கண்ணில் நின்றவள். உறவு நிலைத்தால் இக்பால் ஆனாள். பிற்காலத்தில் அதற்கு மேல் காதின் என்ற பட்டமும், அவர்களுக்குள் முதலாமவர், இரண்டாமவர் என்ற வரிசையும் இருந்தன. இந்த ஏணியில் ஏறியவர்கள் சிலரே. ஏறாதவர்களுடைய கதி பலரும் எண்ணுவது போல அவ்வளவு மோசமானதன்று. ஏறத்தாழ ஒன்பது வருடச் சேவைக்குப் பிறகு ஒரு ஜாரியே விடுதலைப் பத்திரம் பெற்று வெளியேறலாம் என்பது வழக்கமாக இருந்தது. அரண்மனையே சீதனம் கொடுத்து, ஓர் அரச உத்தியோகத்தருக்கு மணம் செய்து வைத்தது. அவளை ஊரார் "சராய்லி" என்று அழைத்தார்கள். அரண்மனையைச் சேர்ந்தவள் என்று பொருள். பேச்சிலும் நடையிலும் உடுப்பிலும் அவளைப் பார்த்துத்தான் அயலவர்கள் பழகினார்கள். சுல்தானுடைய பார்வை விழாமல் போனதுதான் அந்தப் பெண்ணுக்கு வாய்த்த நல்ல காலம் என்று நான் நினைப்பதுண்டு.

எனவே என் கருத்து: கொஸ்தே, இக்பால் என்ற நிலையிலுள்ளவர்களுக்கு வேறு சொல், பொதுவான ஜாரியேக்கு வேறு சொல் வேண்டும். ஒரே சொல்லால் எல்லோரையும் மூடினால் வரலாறு பிழைத்துப்போகும்.

தெமட்டகொடை சகோதரி

ஆசிரியர் ஐயா சொன்னவற்றோடு இரண்டு விடயங்களைச் சேர்க்க விரும்புகின்றேன். ஒன்று மார்க்கச் சட்டம் பற்றியது, மற்றது நான் கண்ணால் கண்டது.

ஜாரியே என்பது அரபு மொழியிலுள்ள ஜாரியா என்ற சொல்தான். அடிமைப் பெண் என்பதே அதன் நேர்ப்பொருள். எசமானுக்குப் பிள்ளை பெற்ற அடிமைப் பெண்ணை இஸ்லாமியச் சட்டமாகிய ஷரீஆ "உம்மு வலத்" என்று அழைக்கின்றது, பிள்ளையின் தாய் என்று அர்த்தம். அவளை அதன் பிறகு விற்க முடியாது. எசமான் மரணித்தவுடன் அவள் சுதந்திரமானவள். அவளுடைய பிள்ளை பிறக்கும்போதே சுதந்திரமான பிள்ளை, மனைவிக்குப் பிறந்த பிள்ளைக்குச் சமமான உரிமையுடையது. அதனால்தான் 15ஆம் நூற்றாண்டுக்குப் பின்னர் வந்த சுல்தான்களில் அநேகமாக எல்லோருமே அடிமைத் தாய்மாரின் மக்களாக இருந்தும் ஒருவரும் அவர்களுடைய வாரிசுரிமையைக் கேள்வி கேட்கவில்லை. இந்தச் சட்டத்தைச் சொல்லாமல் அந்தப் பெண்களைப் பற்றிக் கதைத்தால் பாதி மட்டுமே விளங்கும்.

பெயரைப் பற்றி ஐயா எழுதியதை வாசித்தபோது எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. வக்பு எனப்படும் அறக்கொடைப் பத்திரங்களில் ஹுர்ரெமின் பெயர் "பின்த் அப்துல்லாஹ்" என்று எழுதப்பட்டிருக்கின்றது, அப்துல்லாஹ்வின் மகள். இஸ்லாத்துக்கு வந்த எல்லோருக்குமே தகப்பன் பெயரின் இடத்தில் அவ்வாறு எழுதுவது அக்கால வழக்கம். அப்துல்லாஹ் என்றால் அல்லாஹ்வின் அடியான். அந்த ஓர் உண்மையை நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளைத் தூக்கி வளர்த்த ஒரு மனிதன் உக்ரேன் பக்கத்தில் எங்கேயோ இருந்திருப்பான். மகள் உலகத்தின் மிகப் பெரிய பேரரசில் பெரும் பணக்காரியாகி, 1552இல் ஜெரூசலத்தில் ஏழைகளுக்குச் சோறு போடும் மடம் கட்டியபோது, அந்தப் பத்திரத்தில் அவனுடைய பெயருக்கு இடமிருக்கவில்லை.

சில வருடங்களுக்கு முன் உம்ரா முடித்துத் திரும்பும் வழியில் இஸ்தான்புல்லில் நான்கு நாள் தங்கினோம். சுல்தான்கள் வாழ்ந்த தொப்காபி அரண்மனையின் அந்தப்புரப் பகுதிக்குள் போனபோது எல்லோரையும் போல நானும் பொன் வேலைப்பாட்டையும் இஸ்னிக் ஓடுகளையும் எதிர்பார்த்தேன். அவை இருக்கின்றன. சுல்தானின் மண்டபத்துக்குள் ஒரு நீரூற்று இருக்கின்றது. உள்ளே கதைப்பது வெளியே கேட்காமல் இருக்க அந்த நீரோசை உதவியது என்று வழிகாட்டி சொன்னார். ஆனால் என்னை நிறுத்தி வைத்தது அந்த மண்டபம் அன்று. ஜாரியேக்களின் பகுதிக்குப் போகும் ஒடுக்கமான நடைவழியில், சுவரோடு சேர்த்துக் கல்லாலான நீண்ட மேடை ஒன்று கட்டப்பட்டிருக்கின்றது. சமையலறையிலிருந்து உணவுத் தட்டங்களைச் சுமந்து வரும் காவலர்கள் அவற்றை அதன் மீது வைத்துவிட்டுப் போய்விடுவார்களாம். பிறகு பெண்கள் வந்து எடுத்துச் செல்வார்கள். நான் அந்தக் கல்லின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. விளிம்புகள் தேய்ந்து வழவழப்பாக இருந்தன. எத்தனை நூறு வருடம், எத்தனை தட்டம் என்று நினைத்தேன். முந்நூறு அறைகள் கொண்ட அந்தக் கட்டிடத்தில் தினமும் ஒரு பெண் செய்த வேலையைத் தொட்டுப் பார்க்கக் கூடியதாக எனக்குக் கிடைத்த இடம் அது ஒன்றுதான்.

பம்பலப்பிட்டி மாணவர்

ஓவியங்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அந்தப்புரம் என்றவுடன் மெத்தையில் ஆடையின்றிச் சாய்ந்து கிடக்கும் பெண்ணின் படம் மனதில் எழுவதற்குக் காரணம் ஐரோப்பிய ஓவியர்களே. பிரெஞ்சு ஓவியர் அங்க்ர் 1814இல் வரைந்த "ஒடலிஸ்க்" ஓவியம் உலகப் புகழ் பெற்றது. அவர் துருக்கிக்கு ஒருபோதும் சென்றதில்லை. அந்தச் சொல்லின் மூலமான "ஒடாலிக்" என்பதற்கு அறை வேலைக்குரியவள் என்றுதான் பொருள். துடைப்பத்தோடும் விரிப்போடும் நின்றவளை ஓவியம் மெத்தையில் படுக்க வைத்துவிட்டது.

நேரில் சென்று பேசியவருடைய சாட்சியம் ஒன்றும் இருக்கின்றது. இஸ்தான்புல்லிலிருந்த ஆங்கிலத் தூதரின் மனைவி மேரி வோர்ட்லி மொன்டேகு, 1703இல் இறந்த சுல்தான் இரண்டாம் முஸ்தபாவின் துணைவியாக இருந்த ஹஃபீசே என்ற பெண்மணியை 1718இல் சந்தித்து, அவர் கூறியதைக் கடிதமாக எழுதினார். சுல்தான் தான் விரும்பும் பெண்ணை நோக்கிக் கைக்குட்டையை எறிவார் என்ற கதையைக் கேட்டபோது, அது முழுக்கப் பொய் என்று ஹஃபீசே சொன்னாராம். சுல்தான் இறந்த பிறகு புதிய சுல்தான் அவரை அரண்மனையை விட்டு வெளியேறி ஒரு பிரமுகரை மணக்கும்படி கட்டளையிட்டிருக்கின்றார். ஹஃபீசே அழுதார், மன்றாடினார், பயனில்லை. கடைசியில் எண்பது வயதைக் கடந்த ஓர் அமைச்சரைத் தெரிவு செய்தார். பத்து வயதில் தன்னை அரண்மனைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர் என்பதே அதற்குச் சொன்ன காரணம். அந்தக் கணவரைத் தன் வீட்டுக்குள் அவர் ஒருநாளும் வரவிடவில்லை. மொன்டேகு அம்மையாரின் எழுத்தில் மிகைப்படுத்தல் இருக்கலாம் என்று சிலர் எச்சரிக்கின்றார்கள், அதை ஏற்கின்றேன். ஆயினும் விடுதலைக்குப் பின்னரும் மணப்பதா வேண்டாமா என்பது அவளுடைய விருப்பத்தில் இருக்கவில்லை என்பதனை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சாட்சியம் எனக்குத் தெரிந்து இல்லை.

வெள்ளவத்தை வாசகி

மூவருக்கும் மிக்க நன்றி. இவற்றை நேற்றிரவு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரு கேள்வி கேட்டார், அதற்கு என்னிடம் பதிலில்லை. சுல்தானுக்குப் பிள்ளை பெறாதவள் ஒன்பது வருடத்தில் வெளியேறிக் குடும்பம் நடத்தலாம் என்கின்றீர்கள், பிள்ளை பெற்றவளை விற்க முடியாது என்கின்றீர்கள், அப்படியானால் ஆண் பிள்ளை பெற்றவளுடைய வாழ்க்கை என்ன ஆனது? சுல்தான்கள் தம் சகோதரர்களைக் கொன்றார்கள் என்று படித்திருக்கின்றோமே, கொல்லப்பட்டவனுடைய தாய் எங்கே போனாள்?

கொட்டாஞ்சேனை ஓய்வு ஆசிரியர்

அம்மா கேட்ட கேள்விக்கு என்னால் இயன்றவரை விரிவாகப் பதில் சொல்ல முயல்கின்றேன், ஏனெனில் அந்தப் பெண்களுடைய வாழ்க்கையின் மிகக் கொடிய பகுதி இதுதான்.

16ஆம் நூற்றாண்டு வரை ஒரு தாய்க்கு ஓர் ஆண் பிள்ளை என்ற வழக்கம் இருந்தது. ஆண் குழந்தை பிறந்தவுடன் அவள் சுல்தானுடைய படுக்கையிலிருந்து நிரந்தரமாக விலக்கப்பட்டாள். அதன் பிறகு அவள் துணைவி அல்லள், தாய். மகன் வளர்ந்து ஒரு மாகாணத்தை ஆளப் போகும்போது அவளும் கூடவே போய், அவனுடைய வீட்டை நடத்தி, நல்ல ஆசிரியர்களையும் ஆலோசகர்களையும் தேடிக்கொடுத்து, அவனை உயிரோடு காப்பாற்ற வேண்டும். தகப்பன் இறந்தால் மகன்களில் ஒருவன் அரியணை ஏறுவான், மற்றவர்கள் பெரும்பாலும் கொல்லப்படுவார்கள். ஆகவே ஒவ்வொரு தாயும் மற்ற ஒவ்வொரு தாய்க்கும் எதிராக நிறுத்தப்பட்டிருந்தாள். தொடர்களில் இதைப் பெண்களின் பொறாமைச் சண்டையாகக் காட்டுகின்றார்கள். பிள்ளையின் கழுத்தில் கயிறு விழாமல் தடுக்க ஒரு தாய் என்னவெல்லாம் செய்வாளோ அதைத்தான் அவர்கள் செய்தார்கள், பொறாமை என்று அதற்குப் பெயர் வைப்பது அநீதி.

ஹுர்ரெம் இந்த வழக்கத்தை உடைத்தார். சுலைமான் அவரை விட்டுப் பிரியாமல், ஒன்றுக்கு மேற்பட்ட ஆண் பிள்ளைகளை அவரிடம் பெற்று, 1530களின் நடுப்பகுதியில் அவரை விடுதலை செய்து முறைப்படி மணந்தும் கொண்டார். தலைநகர் மக்கள் இதை மந்திரம் மாயம் என்று சொன்னார்கள். 1558இல் இறந்த ஹுர்ரெம், சுலைமானியா பள்ளிவாசல் வளாகத்தில் தனி அடக்கத்தலம் உடையவராக இருக்கின்றார். அவர் நிறுவிய மருத்துவமனை ஹசெக்கி என்ற அவருடைய பட்டப்பெயரிலேயே இஸ்தான்புல்லில் இன்றும் இயங்குகின்றது. அவரைப் பற்றி எல்லோரும் பேசுகின்றார்கள், நானும் இத்தோடு விடுகின்றேன்.

நான் சொல்ல வந்தது மற்றத் தாயைப் பற்றி. மஹிதேவ்ரான் சுலைமானின் மூத்த மகனாக எஞ்சிய முஸ்தபாவின் தாய். 1533இல் மகனோடு மனிசாவுக்கும் பிறகு அமாசியாவுக்கும் சென்று, ஏறத்தாழ இருபது வருடம் அவனுக்காகவே வாழ்ந்தார். அவனுடைய உணவில் நஞ்சு கலக்காமல் பார்ப்பதே அவருடைய முதல் வேலை என்று அக்காலத்துத் தூதர் ஒருவர் எழுதியிருக்கின்றார். படைவீரர்கள் முஸ்தபாவை நேசித்தார்கள். அந்த நேசமே அவனுக்கு எமனாயிற்று. 1553இல் சுலைமான் தன் படைமுகாமுக்கு அவனை அழைத்து, கூடாரத்துக்குள் கழுத்தை நெரித்துக் கொல்லச் செய்தார். அதன் பின்னர் முஸ்தபாவின் சிறு மகனையும் விட்டுவைக்கவில்லை.

மஹிதேவ்ரான் மகனுடைய உடல் அடக்கம் செய்யப்பட்ட புர்சா நகருக்குப் போனார். கொல்லப்பட்ட இளவரசனின் தாய்க்கு அரண்மனையில் வேலை இல்லை. அவருக்குரிய பதவி மகனோடு முடிந்துவிட்டது. வாடகை கொடுக்க முடியாமல் கடனில் மூழ்கினார். அவருடைய வேலையாட்கள் கடைத்தெருவுக்குப் போனால் வணிகர்கள் கேலி செய்தும் ஏமாற்றியும் விட்டார்கள் என்று பதிவுகள் சொல்கின்றன. பேரரசின் மூத்த இளவரசனைப் பெற்றவர், சந்தையில் மரக்கறி வாங்க ஆள் அனுப்பி அவமானப்பட்டார். பல வருடங்களுக்குப் பிறகுதான் அவருடைய கடன் அடைக்கப்பட்டு, அவருக்கு ஒரு வீடும் வாங்கிக் கொடுக்கப்பட்டது. ஹுர்ரெமின் மகன் இரண்டாம் செலிம் ஆட்சிக்கு வந்த பிறகு முஸ்தபாவுக்கு முறையான அடக்கத்தலமும் கட்டப்பட்டது. மகன் இறந்து ஏறக்குறைய 28 வருடம் உயிரோடிருந்து, 1581இல் இறந்து, அவனுக்குப் பக்கத்திலேயே அடங்கினார்.

1595இல் மூன்றாம் மெஹ்மெத் அரியணை ஏறிய நாளில் அவருடைய சகோதரர்கள் 19 பேர் கொல்லப்பட்டார்கள், அவர்களுள் குழந்தைகளும் உண்டு. அவர்களுடைய தாய்மார் பழைய அரண்மனைக்கு அனுப்பப்பட்டார்கள். ஆட்சி முடிந்த சுல்தானுடைய பெண்கள் போய்ச் சேரும் இடம் அது; அதைக் கண்ணீர் மாளிகை என்றும் மக்கள் அழைத்தார்கள். அடுத்த தலைமுறைகளில் இளவரசர்களைக் கொல்லாமல் அரண்மனைக்குள்ளேயே அடைத்து வைக்கும் வழக்கம் வந்தது. தாய்மாருக்கு அது சிறிய ஆறுதல்.

உம்மு வலத்துக்குச் சட்டம் கொடுத்த விடுதலையைத் தெமட்டகொடைச் சகோதரி சரியாகவே சொன்னார். அந்த விடுதலை கைக்கு வருவது எசமான் இறக்கும் நாளில். அரண்மனையில் அதே நாளில்தான் மகனுடைய உயிரும் போகக்கூடியதாக இருந்தது.

கொம்பனித்தெரு வாசகர்

சொல்லைப் பற்றிய கேள்விக்குத் திரும்புகின்றேன். எங்கள் தமிழிலேயே இதற்கு ஒரு சொல் இருந்தது, நாம் மறந்துவிட்டோம்: வேளம். சோழர் காலத்தில் அரண்மனைப் பணிப்பெண்கள் குழுக்களாக வாழ்ந்த இடத்துக்கு வேளம் என்று பெயர். போரில் தோற்ற நாட்டிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுவந்த பெண்களையும் அங்கே வைத்தார்கள். கலிங்கத்துப்பரணியின் கடைதிறப்பில் "வேளம் புகு மடவீர்" என்று புலவர் விளிப்பது, பாண்டியர் தோற்று ஓடியபோது பிடிபட்ட பெண்களை. பள்ளிக்கூடத்தில் அதைச் சந்தத்துக்காக மனனம் செய்தோமே தவிர, அந்தப் பெண்கள் யார் என்று ஒருவரும் நின்று சொல்லித் தரவில்லை.

கல்வெட்டுகளில் "வேளத்துப் பெண்டாட்டி" என்று வரும். இக்காலத்தில் பெண்டாட்டி என்றால் மனைவி. அங்கே அரண்மனைச் சேவகப் பெண். அப்படிப்பட்ட பெண்கள் கோயில்களுக்கு நந்தாவிளக்கு எரிக்கக் கொடை கொடுத்திருக்கின்றார்கள். அடிமை நிலையிலும் கையில் சிறிது பொருள் சேர்ந்திருக்கின்றது, அதைக் கொண்டு அவர்கள் வேண்டியது தம் பெயரில் ஒரு விளக்கு. ஹுர்ரெமின் மடத்தைப் பற்றி வாசித்தபோது எனக்கு அந்த விளக்கே நினைவுக்கு வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் வசிக்கும் கொம்பனித்தெருவை ஆங்கிலத்தில் அடிமைத் தீவு என்று அழைத்தார்கள். ஒல்லாந்தர் காலத்தில் அவர்களுடைய வணிகக் கொம்பனியின் அடிமைகளை இரவில் அடைத்து வைத்த இடம் இது. தமிழில் நாம் கொம்பனியின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டோம், அடிமைகள் பெயரிலிருந்து உதிர்ந்துவிட்டார்கள். ஆகவே தாங்கள் எந்தச் சொல்லைத் தெரிவு செய்தாலும் அதற்குள் அடிமை என்ற பொருள் நிற்கட்டும் என்று கேட்டுக்கொள்கின்றேன். அழகுக்காக அதை எடுத்துவிடாதீர்கள்.

வெள்ளவத்தை வாசகி

முடிவு செய்துவிட்டேன். பொதுவாக வரும் இடங்களில் "அரண்மனை அடிமைப்பெண்" என்றும், சுல்தானோடு உறவுடையவளை "துணைவி" என்றும், பிள்ளை பெற்றவளை அவளுடைய பிள்ளையின் பெயரோடு சேர்த்து "முஸ்தபாவின் தாய்" என்பது போலவும் எழுதப் போகின்றேன். வேளம் என்ற சொல்லை அந்தப்புரத்துக்குப் பதிலாக ஆளலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். சோழருடைய பாவத்தைத் துருக்கியர் தலையில் ஏற்றாதே, ஆனால் முன்னுரையில் கட்டாயம் சொல் என்றார். மஹிதேவ்ரானைப் பற்றி வாசித்தபோது அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிறிது நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

கடைசியாக ஒன்று கேட்கின்றேன். இந்த அமைப்பு எப்படி முடிவுக்கு வந்தது?

தெமட்டகொடை சகோதரி

இதற்கு நான் பதில் சொல்கின்றேன். 1909இல் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத் பதவியிலிருந்து இறக்கப்பட்டபோது யில்திஸ் அரண்மனையிலிருந்த அவருடைய அந்தப்புரம் கலைக்கப்பட்டது. பெண்களை வண்டிகளில் ஏற்றித் தொப்காபிக்குக் கொண்டுவந்தார்கள். அக்காலத்தில் அவர்களுள் பெரும்பாலானோர் சர்க்காசியர்கள். உங்கள் மகள்மாரை வந்து அழைத்துச் செல்லலாம் என்று சர்க்காசியக் கிராமங்களுக்குப் புதிய அரசாங்கம் செய்தி அனுப்பியது. மலைநாட்டு உடுப்போடு தகப்பன்மாரும் அண்ணன்மாரும் வந்து சேர்ந்தார்கள்.

ஒரு பெரிய மண்டபத்தில் பெண்கள் முகத்திரையை விலக்கி வரிசையாக நின்றார்கள். சிறு பிள்ளையாக அனுப்பிய மகளைப் பல வருடங்களுக்குப் பின்னர் முகத்தில் தேட வேண்டியிருந்தது. பட்டு உடுத்து, அரண்மனைத் துருக்கியமொழி பேசிய பெண்கள், முரட்டுக் கம்பளி அணிந்த கிழவர்களின் தோளில் விழுந்து அழுதார்கள் என்று அக்காலத்துப் பத்திரிகையாளர் ஒருவர் எழுதியிருக்கின்றார். சிலர் தாம் தேடி வந்தவள் ஏற்கெனவே இறந்துவிட்டாள் என்று அங்கேதான் அறிந்துகொண்டார்கள்.

ஒருவரும் தேடி வராத பெண்களும் அந்த வரிசையில் நின்றார்கள். மற்றவர்கள் துணிமணிகளைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்ட பிறகும் அவர்கள் தொப்காபியிலேயே இருந்தார்கள்.